கொல்லிமலையில் நகரும் முள்: ஃபேன் கிளட்ச்சை மாற்றுவதா, பிரிப்பதா, பூட்டுவதா?

காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வீட்டு ஏழு சீட்டர் டீசல் வண்டிக்கு இருபத்தைந்தாவது வளைவு வரை ஒரு தொந்தரவும் இருக்காது. அதற்கு மேல் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மெதுவாக நகரும். நாற்பதில் ஏசியை அணைப்போம். ஐம்பதில் ஹீட்டரையே திறந்துவிடுவோம், மே மாதத்தில்! எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் முள் ஒரு நூல் இறங்கும். பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இதுக்கு பஸ்லயே வந்திருக்கலாம்" என்பார்.

மூன்று பட்டறைக்குப் போனேன், மூன்று தீர்ப்பு கிடைத்தது. ஒருவர் புது ஃபேன் கிளட்ச் என்றார், ரேடியேட்டர் ஃபேனை எஞ்சினோடு இணைத்து, சூடேறும்போது மட்டும் வேகமாகச் சுற்றவைக்கும் பாகம் அது. இன்னொருவர் கரண்ட் ஃபேன் மாட்டச் சொன்னார். நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கும் பெரியவர் வண்டியைப் பார்த்ததும் சிரித்தார்: "தம்பி, எதுக்குச் செலவு? ரெண்டு போல்ட்டு போட்டு கிளட்ச்ச இறுக்கிடலாமுங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் ஹீட் ஆகாது."

"சத்தம் வருமாங்கண்ணா?"

"ஏரோப்ளேன் மாதிரி வரும். பழகிக்கும்ங்க."

இவை போக நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. கிளட்ச்சைப் பிரித்து உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயிலை மாற்றி, முன்னால் இருக்கும், சூட்டை அறியும் சுருளைச் சற்றே திருத்துவது. 1990-களில் வந்த டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80 வைத்திருக்கும் ஆஸ்திரேலியக்காரர்கள் இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறார்கள். பாலைவன வெயிலில், மணலில், கீழ் கியரில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள் அவர்கள். நம் மலைப்பாதைக்கும் அதே கணக்குதான். வேகம் குறைவு, லோடு அதிகம், ரேடியேட்டருக்குத் தானாக வரும் காற்று சொற்பம்.

எந்த வழியை எடுப்பது என்பதற்கு முன் ஒரு கேள்வி. வண்டி எப்போது ஹீட் ஆகிறது?

நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் போகும்போது முள் ஏறினால் ஃபேனைப் பற்றிய பேச்சே வேண்டாம். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் சும்மா உடன் சுற்றுகிறது, அவ்வளவுதான். அப்போது கோளாறு ரேடியேட்டர் அடைப்பிலோ, தெர்மோஸ்டாட்டிலோ, தண்ணீர் பம்ப்பிலோ, ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். டிராஃபிக்கில் ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் ஏறுகிறதென்றால் குறை ஐடிலிங்கில் வரும் காற்றில். மலையேற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறுகிறதென்றால்தான் ஃபேன் கிளட்ச் முதல் சந்தேகத்துக்குரிய ஆள். எங்கள் வண்டி மூன்றாவது வகை.

அப்படியும் காசு செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சி இறகு, பஞ்சு, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளி விரித்த மாதிரி இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்றுதான் தெரியும், அதனால் யாரும் பார்ப்பதில்லை. ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கவர் உடைந்திருந்தாலோ, "வேலை செய்ய இடைஞ்சல்" என்று பழைய மெக்கானிக் யாராவது கழற்றிப் போட்டிருந்தாலோ எந்தக் கிளட்ச்சும் உதவாது. ஃபேன் பக்கத்துக் காற்றையே திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 1.1 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வாசர் போன மூடியில் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும். இது எதுவும் பெரிய செலவில்லை. எங்கள் வண்டியில் அந்தக் கம்பளியைக் கழுவி எடுத்ததிலேயே முள் நகரத் தொடங்கும் இடம் இருபத்தைந்தாவது வளைவிலிருந்து முப்பத்தைந்துக்குப் போனது. பாதி நோய் தீர்ந்தது. மீதிதான் கிளட்ச்.

கிளட்ச் செத்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஓரிரு நிமிடம் ஃபேன் இரைய வேண்டும், பிறகு அடங்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஆயில் உள் அறைக்கு வடிந்து வந்திருக்கும், அதனால் வரும் இரைச்சல் அது. காலையிலும் இரையவில்லை, மலையிலும் இரையவில்லை என்றால் ஆயில் போய்விட்டது. இன்னொன்று, நன்றாகச் சூடேறிய எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். தேனுக்குள் சுற்றுகிற மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். எங்களுடையது கரண்ட் போன சீலிங் ஃபேன் போல நான்கைந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. கிளட்ச் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கோடுகள், மையத்திலிருந்து வெளியே சிதறிய மாதிரி. அடுத்து, இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் பேரிங் போயிற்று என்று அர்த்தம். பேரிங் போன கிளட்ச்சுக்கு வைத்தியம் கிடையாது. புதிதுதான் வாங்க வேண்டும், கட்டுரையின் மீதியைப் படிக்கவே வேண்டாம். ஓடுகிற ஃபேனில் சுருட்டிய நியூஸ்பேப்பரை விட்டுப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த இறக்கைக்குப் பேப்பருக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது.

எப்போது, எவ்வளவு

கிளட்ச்சுக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் ஆயில் சும்மா இருக்கும், அதை ஓய்வறை என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றில் வட்ட வட்டமாகப் பள்ளமும் மேடுமாக வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் கோத்துக்கொண்டு நிற்கும். எஞ்சின் ஒரு தட்டைச் சுற்றுகிறது, ஃபேன் மற்றொன்றோடு சேர்ந்தது. இடையில் ஆயில் வந்தால்தான் ஒன்று மற்றொன்றை இழுக்கும். அந்த ஆயிலுக்கு வழிவிடும் துளையை மூடித் திறப்பது முகப்பில் தெரியும் கடிகாரச் சுருள் போன்ற இரட்டை உலோகப் பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சுமாராக 50, 60 டிகிரியைத் தொடும்போது சுருள் முறுக்கிக்கொண்டு துளையைத் திறக்கும். தண்ணீரின் சூட்டை அது அறியாது, காற்றின் சூடு மட்டுமே தெரியும். சேறு அப்பிய சுருளுக்கு அதுவும் தாமதமாகத்தான் தெரியும். பழைய டூத்பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக் கழுவுவதும் ஒரு ரிப்பேர்தான்.

ஆக இதில் திருத்தக்கூடியவை இரண்டு. எப்போது பிடிக்கிறது என்பதைச் சுருள் தீர்மானிக்கிறது, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை ஆயிலின் கெட்டித்தன்மை. பிடிக்காத நிலையில் ஃபேன், பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியின் வேகத்தில் 20 முதல் 30 சதவீதம்தான் சுற்றும். சாதாரணக் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் 50, 60 சதவீதம், கனரக வகை 70-க்கு மேல் 90 வரை. இப்படி ஆயிலின் பிசுக்கால் இழுப்பதை விஸ்கஸ் கிளட்ச் என்பார்கள், முழு நூறு அதில் எதிலும் வராது. கொஞ்சம் வழுக்கத்தான் வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பட்டறைகள் சொன்ன வழிகளை எடைபோடுவது சுலபம்.

புதுக் கிளட்ச்

கம்பெனிக் கிளட்ச், பிடிக்கும் நேரம், இறுக்கம் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், அதைத் தாண்டி ஒன்றும் செய்யாது. வண்டி புதிதாக இருந்தபோது அதே மலையில் அதே லோடோடு ஹீட் ஆகாமல் ஏறியதா? ஏறியதென்றால் இதுவே போதும். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நாள் வண்டி நின்றால் போகும் வருமானத்தோடு ஒப்பிட்டால் விலை பெரிதாகத் தெரியாது. இடிக்கும் இடம் ஒன்று உண்டு. மலிவு விலை மாற்றுக் கிளட்ச்சுகளில் சில, ஆழத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். அப்போது இறக்கை கவருக்குள் உட்காரும் இடம் மாறிவிடும். கிளட்ச் நன்றாகப் பிடித்தும் காற்று இழுக்காது. மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

போல்ட் போட்டுப் பூட்டுவது

பெரியவர் சொன்னது பொய்யில்லை, ஹீட் நிற்கும். சில லாரிக் கிளட்ச்சுகளில் வழியில் நின்றுவிடாமல் ஊர் போய்ச் சேர அவசரப் பூட்டுக்குத் தயாரிப்பாளரே ஏற்பாடு வைத்திருப்பார்கள். அவர் கை பழகியது அங்கேதான். ஆனால் லாரி எஞ்சின் சுற்றும் வேகம் வேறு, சின்ன டீசலின் வேகம் வேறு.

கணக்கு இப்படி. புல்லி 2,500 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதம் பிடிக்கும் கிளட்ச்சில் ஃபேன் 1,750 சுற்றும். பூட்டினால் முழு 2,500. காற்று நாற்பது சதவீதம் கூடும், சரி. ஆனால் ஃபேன் தின்னும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதுவும் மலையில் ஒவ்வொரு குதிரைச்சக்தியும் தேவைப்படும் நேரத்தில். சமவெளியில் ஃபேன் தேவையே இல்லாத நேரத்திலும் இந்தத் தண்டம் தொடரும். டீசல் போகும், காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், ஃபேன் தண்ணீர் பம்ப் முனையிலேயே இருக்கும் வண்டிகளில் பம்ப் பேரிங் சீக்கிரம் கூவும். இவையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு. விஸ்கஸ் கிளட்ச் வழுக்குவதால்தான் அதிக ஆர்பிஎம்மில் ஃபேன் ஒரு வேகத்துக்கு மேல் போகாமல் நிற்கிறது. பிளாஸ்டிக் இறக்கையும் அந்த வேகத்தை நம்பி வார்த்ததுதான். பூட்டிவிட்டு 4,000 ஆர்பிஎம்முக்கு மிதித்தால் பத்துப் பதினைந்து வருடம் வெந்த பிளாஸ்டிக் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டால் நேராக ரேடியேட்டருக்குள்தான் போகும். பானெட் திறந்திருந்தால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடு மலையில் மாட்டிக்கொண்டால் மெதுவாக இறங்கி வருவதற்கு மட்டும் பூட்டலாம். வாழ்நாள் ஏற்பாடாக வேண்டாம்.

கரண்ட் ஃபேன்

ஒரு 12 வோல்ட் ஃபேன் 30 ஆம்பியர் இழுத்தால் 360 வாட். பெல்ட்டில் ஓடும் ஃபேன் மலையேற்றத்தில் முழுதாகப் பிடித்திருக்கும்போது கிலோவாட் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் டீசலில் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு ஒற்றை கரண்ட் ஃபேனை மாட்டினால் நான் கொல்லிமலைக்கு வர மாட்டேன். ஆனால் எஞ்சின் வேகம் எதுவானாலும் கரண்ட் ஃபேன் முழு மூச்சில் சுற்றும் என்பது பெரிய வசதி. ஐடிலிங்கில் ஏசியோடு சென்னை டிராஃபிக்கில் நிற்பவருக்கு இதுவே சரியான மருந்து. பழைய ஃபேனை எடுக்காமல் கண்டென்சருக்கு முன்னால் ஒரு சின்னத் தள்ளு ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது. வயரிங்கை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல் தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர் போட்டுச் செய்ய வேண்டும். ஹெட்லைட் வயரிலிருந்து கிள்ளி எடுத்துக் கொடுத்த ஒரு வண்டியின் ஃபியூஸ் பெட்டி உருகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிலும் சுருளும்

எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை. ஆனால் எல்லாக் கிளட்ச்சும் இதற்கு ஒத்துவராது. கிளட்ச்சின் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் திருகுகள் இருந்தால் பிரிக்கலாம். விளிம்பை மடித்து அழுத்தியிருந்தால் பிரிக்க முடியாது. புதிய சில வண்டிகளில் சுருளே இருக்காது, மின்சார வால்வுக்கு வயர் போகும். அதையும் தொடாதீர்கள்.

எங்களுடையதில் திருகு இருந்தது. கழற்றும்போது ஒரு சின்ன சூட்சுமம். பெல்ட்டை எடுப்பதற்கு முன்பே ஃபேன் நட்டுகளை லேசாக இளக்கிவிட வேண்டும். பெல்ட் இறுக்கத்தில் புல்லி அசையாமல் நிற்கும். பெல்ட்டை எடுத்துவிட்டால் நட்டோடு புல்லியும் சேர்ந்து சுற்றும், அப்புறம் ஸ்குரூ டிரைவரை இடையில் செருகிக் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு கவர், கிளட்ச், ஃபேன் எல்லாவற்றையும் ஒன்றாக மேலே தூக்கலாம்.

திருகுகள் அவ்வளவு சுலபத்தில் வராது. சுத்தியலால் அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் முயன்றால் தலை வழுக்கிவிடும். பிரிப்பதற்கு முன் இரண்டு பாதிக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திரும்ப அதே இடத்தில் பொருத்த வேண்டும். உள்ளே கண்ணாடி போல இருக்க வேண்டிய ஆயில், எங்களுடையதில் தட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. தொட்டு இழுத்தால் பாகுப் பதம் பார்ப்பது போல நூலாக நீளும். விரலில் பட்டால் சோப்புக்கும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

சிலிக்கான் ஆயிலில் 3,000, 6,000, 10,000 என்று எண் போட்டு வரும், எண் ஏற ஏறக் கெட்டி. டொயோட்டா பாகக் கடைகளில் 18 மில்லிக் குழாயாக இது கிடைக்கும். சூட்டில் நீர்த்துப்போகாத குணம் சிலிக்கானுக்கு அதிகம் என்பதால்தான் இங்கே இதைப் போடுகிறார்கள். எஞ்சின் ஆயிலையோ கிரீஸையோ ஊற்றிப் பார்க்காதீர்கள். இந்த அளவுக் கிளட்ச்சுக்கு இரண்டு குழாய், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் ஊற்றினால் ஆயில் முழுவதும் ஓய்வறைக்குத் திரும்ப இடம் இருக்காது, கிளட்ச் எந்நேரமும் பாதி பிடித்தபடியே இருக்கும். பூட்டியதற்குத் தம்பி முறை! நான் 10,000 எண்ணில் இரண்டு குழாய் ஊற்றினேன். ரேடியோ கன்ட்ரோல் பொம்மைக் கார்களுக்கு விற்கும் டிஃபரன்ஷியல் ஆயிலில் 20,000, 30,000 வரை உண்டு. அதை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கெட்டி ஏற ஏற ஓய்வறைக்குத் திரும்பும் வேகம் குறையும், காலை இரைச்சல் நீளும். எனக்கு அது தேவைப்படவில்லை.

சுருள் வேலை சமையலறையில் நடந்தது. வால்வு இருக்கும் பாதியை ஒரு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டரைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். 57 டிகிரியில் தகடு துளையை விட்டு விலகத் தொடங்கியது. சுருளின் வெளி நுனியை மாட்டியிருக்கும் இடத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக நகர்த்தி மறுபடி வைத்தபோது 48-ல் திறந்தது. இன்னும் இறக்க ஆசைதான். ஆனால் சேலம், நாமக்கல் வெயிலில் மே மாதம் வெளிக்காற்றே 40 டிகிரி. 42-ல் திறக்கும்படி வைத்தால் கோடை முழுக்கக் கிளட்ச் மூடவே மூடாது. ஊட்டிக்காரருக்கு 42 சரியாக இருக்கலாம், எங்கள் ஊருக்குச் சரிப்படாது. அந்தப் பாத்திரத்தை அம்மா திரும்ப அடுப்பில் ஏற்றவே இல்லை.

இதன் குறையையும் சொல்கிறேன். சீல் பழையதுதான், பேரிங் பழையதுதான். ஆயில் ஒருமுறை கசிந்த வழியில் மறுபடி கசியலாம். வருடத்துக்கு ஒருமுறை சூட்டில் சுண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது. வண்டியை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு அல்ல.

இதற்கிடையில் ஓட்டுவதிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் எஞ்சினுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முக்கி முக்கி ஏற்றுவேன். கஷ்டமே அதுதான். தண்ணீர் பம்ப், ஃபேன் இரண்டும் எஞ்சின் வேகத்தைப் பொறுத்துத்தான் சுற்றுகின்றன. இரண்டாம் கியரில் 2,500-ல் ஏற்றினால் இரண்டுக்கும் கூடுதல் மூச்சு கிடைக்கிறது.

பிறகு மூன்று முறை கொல்லிமலை ஏறியாயிற்று, அதில் ஒன்று மே மாதம், ஏழு பேர், ஏசியோடு. முப்பதாவது வளைவுக்கு மேல் ஃபேன் இரையத் தொடங்கும், தட்டையான இடம் வந்தால் அடங்கும், மறுபடி இரையும். முள் நடுவிலேயே நின்றது. சமவெளியில் மைலேஜில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரைச்சல் முன்பு இருந்ததைவிட நீளம், பக்கத்து வீட்டு அக்கா "லாரி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

என் மச்சான் இதே ரக வண்டியை டிராவல்ஸுக்கு ஓட்டுகிறான். அவனுக்கு நான் ஆயில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை, புதுக் கிளட்ச்சே வாங்கச் சொன்னேன். அவனுடைய பழையதில் பேரிங் நன்றாக இருந்ததால் அதற்கு ஆயில் ஊற்றி ஸ்பேராக டிக்கியில் வைத்திருக்கிறான். படுக்கப் போட்டால் ஆயில் பேரிங் பக்கம் வடிந்துவிடும் என்பதால், வண்டியில் நிற்கிற மாதிரியே நிமிர்த்தி, ஜாக்கிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் பழைய துண்டைச் சுற்றிச் செருகிவைத்திருக்கிறான்.